நீராவி என்ஜின்களை இந்திய ரயில்வே கைவிட்டது தாமதமா, உரிய காலமா?

கரிப்புகை எழுதியது:

ரயில் ஆர்வலர்களிடையே வேரூன்றிவிட்ட ஒரு கருத்தை விரிவாகப் பேச வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அமெரிக்கா 1950களின் இறுதியிலும் பிரிட்டன் 1968இலும் நீராவியைக் கைவிட்டுவிட்ட நிலையில், இந்தியா 1972 வரை புதிய நீராவி என்ஜின்களைக் கட்டியதும், 1995 டிசம்பர் வரை அகலப் பாதையில் அவற்றை ஓட்டியதும் பின்தங்கிய மனப்போக்கின் அடையாளம் என்று பலரும் எழுதுகிறார்கள். இதில் முதல் பாதி தவறு என்பதும், இரண்டாம் பாதியில் ஓரளவு உண்மை உண்டு என்பதும் என் கருத்து.

ஆங்கிலேயர் ஆட்சியில் நம் நாட்டின் பணிமனைகளுக்கு என்ஜின் கட்டும் திறமை இல்லாமல் இல்லை. அஜ்மீர்ப் பணிமனை 1895இலேயே ஒரு மீட்டர் பாதை என்ஜினை முழுமையாகக் கட்டி முடித்திருக்கிறது. ஆனாலும் என்ஜின்கள் பெரும்பாலும் கப்பலில்தான் வந்தன. அந்த நிலையை மாற்றுவதற்காகவே மேற்கு வங்கத்தில் சித்தரஞ்சன் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. அதன் முதல் என்ஜினான ‘தேசபந்து’ 1950 நவம்பரில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஜாம்ஷெட்பூரில் டெல்கோ நிறுவனம் மீட்டர் பாதைக்கான ஒய்.பி. (பயணிகள் வண்டிக்கு), ஒய்.ஜி. (சரக்கு வண்டிக்கு) வகைகளைக் கட்டியது. 1972 வரையிலான காலத்தில் சித்தரஞ்சன் மட்டும் 2,351 நீராவி என்ஜின்களைக் கட்டியது. அந்தத் தொழிற்சாலையே 1961இல் மின்சார என்ஜின் கட்டத் தொடங்கிவிட்டது என்பதைக் கவனியுங்கள். வார்ப்பு, கடைசல், சட்டம் பொருத்துதல், சக்கரம் ஏற்றுதல் ஆகிய எல்லாவற்றையும் நீராவி என்ஜினில் பழகிய கைகள்தாம் மின்சார என்ஜினுக்கு மாறின.

எண்ணிக்கைகளையும் பாருங்கள். 1950–51இல் 8,120 நீராவி என்ஜின்கள் இருந்தன. டீசல் 17, மின்சாரம் 72. 1960–61இல் நீராவி 10,312 ஆக உயர்ந்தது. 1970–71இல் 9,387, 1980–81இல் 7,469, 1990–91இல் 2,915, 2000–01இல் வெறும் 54. முதல் இருபது ஆண்டுகளில் எட்டாயிரத்துக்குக் கீழே இறங்காத எண், 1980களில் மட்டும் நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேல் சரிந்திருக்கிறது. ஆகவே தாமதம் என்று ஒன்று இருந்தால், அது கட்டிய காலத்தில் இல்லை. 1970களில் ஓய்வு கொடுக்காமல் இழுத்த பத்தாண்டில்தான் இருக்கிறது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

விழுப்புரம் சந்திப்பு எழுதியது:

கட்டியதை நியாயப்படுத்தும் உங்கள் வாதத்தை என்னால் முழுவதுமாக ஏற்க முடியவில்லை. 1957இலேயே 25 கிலோவோல்ட் மாறுதிசை மின்சாரத்தை ரயில்வே தேர்ந்தெடுத்துவிட்டது. 1964 ஜனவரியில் வாரணாசித் தொழிற்சாலை அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு முதல் டீசல் என்ஜினை வெளியிட்டுவிட்டது. வழி இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகும் 1970 ஜூன் வரை அகலப் பாதைச் சரக்கு என்ஜினான டபிள்யூ.ஜி. வகையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ‘அந்திம் சிதாரா’ (கடைசி நட்சத்திரம்) என்று பெயரிட்டு வழியனுப்பிய அந்தக் கடைசி டபிள்யூ.ஜி.க்கு, 35 ஆண்டுகளாவது உழைக்கக்கூடிய உடல் இருந்தது. அதில் பத்தாண்டுகளைப் பயனின்றி இழந்தோம். அதன் வகையைச் சேர்ந்த பல என்ஜின்கள் முதுமை வராமலேயே உடைக்கப்பட்டன. அந்த இரும்பையும் பணத்தையும் முன்பே மின்கம்பிகளில் செலவிட்டிருக்கலாம் அல்லவா?

இன்னொன்றும் உண்டு. ஒற்றைத் தடத்தில் ஒரு நீராவிக் கூட்ஸ் வண்டி ஏறும்போது அதன் பின்னால் வரும் எல்லா வண்டிகளும் காத்திருக்க வேண்டும். அது தண்ணீர் பிடிக்க நிற்கும். நெருப்பைச் சுத்தம் செய்ய நிற்கும். ஏற்றத்தில் நீராவி குறைந்தால் நடுவழியிலேயே நின்று அழுத்தம் கூட்டிக்கொள்ளும். உணவு தானியமும் சிமென்டும் பக்கப் பாதைகளில் தேங்கிக் கிடந்ததற்கு என்ஜின் வகை ஒரு முக்கியக் காரணம். என்ஜினின் விலையை மட்டும் பார்த்துவிட்டு, அது பாதையில் பிடித்துக்கொண்ட நேரத்தை விட்டுவிட்டால் கணக்குத் தவறாகிவிடும்.

ஃபயர்மேன் மகள் எழுதியது:

இருவரும் என்ஜினைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் பேசுகிறீர்கள். கரி போட்டவரைப் பற்றி ஒருவராவது எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன். என் தந்தை ஒரு மீட்டர் பாதை ஷெட்டில் (என்ஜின் கொட்டகையில்) கிளீனராகச் சேர்ந்து, இரண்டாம் ஃபயர்மேன், முதல் ஃபயர்மேன், ஷன்டர் என்று படிப்படியாக ஏறி டிரைவரானவர். அந்தக் காலத்தில் டிரைவர் ஆக வேண்டும் என்றால் முதலில் என்ஜினின் உடம்பைத் துடைத்தாக வேண்டும். வேறு வாசல் கிடையாது.

கரியை வாரிக் கொட்டுவதுதான் ஃபயர்மேனின் வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அகலப் பாதைப் பயணிகள் வண்டிகளை இழுத்த டபிள்யூ.பி. வகையில், கரி எரியும் உலைத்தட்டு 46 சதுர அடி. நம் நாட்டு என்ஜின்களில் இயந்திரக் கரியூட்டி பரவலாக வரவில்லை, எல்லாமே கைப்பழக்கம்தான். உலையின் நான்கு மூலைகளுக்கும் கதவோரத்துக்கும் நடுவுக்கும் தனித்தனி வீச்சு வேண்டும். ஓடுகிற வண்டியில் கால் ஆடும்; ஷவல் ஆடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, மெல்லிய படுகையாகப் போட்டால்தான் கரி முழுவதும் எரியும். மொத்தமாகக் கொட்டினால் புகைபோக்கியில் கரும்புகை கக்கும். அது கரி வீணாவதன் அறிகுறி. எரியும் கரிப் படுகையில் எங்காவது ஓட்டை விழுந்தால் குளிர்ந்த காற்று நுழைந்து குழாய்களைக் கெடுக்கும். இவை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தையும் பார்க்க வேண்டும். மட்டம் இறங்கி உலையின் கூரை வெளிப்பட்டால், அங்கே திருகி வைத்திருக்கும் லெட் பிளக்கின் ஈயம் உருகி, நீராவி உலைக்குள் பாய்ந்து நெருப்பை அணைக்கும். உயிரைக் காப்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் லெட் பிளக்கை உருகவிட்டவர் என்ற பெயர் ஒருவருக்கு வந்துவிட்டால் பணிக்காலம் முழுவதும் போகாது.

ஏப்ரல், மே மாதங்களில் முன்பக்கம் உலையின் அனல், பக்கவாட்டில் வெயிற்காற்று. தந்தையின் முன்கையில் முடி வளர்ந்து நான் பார்த்ததில்லை. இரவில் கால்மேன் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிப் போவார். கிளம்பிப் போனவர் எப்போது திரும்புவார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. 1973இல் என்ஜின் ஓட்டும் தொழிலாளர்கள் நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டது என்ன? பணியேற்பு முதல் பணிவிடுப்பு வரை 10 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பதுதான். 1974 மே மாதத்தில் இருபது நாள் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அதற்கு முன்னோடியாக நின்றவர்கள் ஷவல் பிடித்தவர்கள்.

ஆகவே ‘கைவிட்டது சரியான காலமா’ என்று கேட்டால், ஒவ்வோர் ஆண்டுத் தாமதமும் யாரோ ஒருவருடைய முதுகில் ஏறியது என்பதே என் பதில். அதே நேரத்தில், டீசல் வந்த பிறகு மூவர் இருந்த இடத்தில் இருவரே போதும் என்றானபோது, இரண்டாம் ஃபயர்மேன்கள் பட்ட அச்சத்தையும் நான் வீட்டில் பார்த்திருக்கிறேன். மருத்துவத் தகுதியும் படிப்பும் இருந்தவர்கள் டீசல் உதவியாளராகப் பயிற்சிக்குப் போனார்கள். இல்லாதவர்கள் வேறு பிரிவுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். வேலை போகவில்லை என்றாலும், கற்ற தொழில் போய்விட்டது.

தாமிரபரணிக்காரன் எழுதியது:

அம்மா, உங்கள் பதிவுக்கு நன்றி. எனக்கு ஓர் ஐயம். தெற்கே நிலக்கரி இல்லை என்பதால்தான் வங்கத்திலிருந்தும் சிங்கரேணியிலிருந்தும் கொண்டுவந்தார்கள் என்கிறார்கள். நெய்வேலியில் இவ்வளவு பழுப்பு நிலக்கரி இருந்தும் அதை ஏன் என்ஜினில் எரிக்கவில்லை?

கரிப்புகை எழுதியது:

நெய்வேலிக் கரி வெட்டியெடுக்கும்போது அதன் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர்தான். உலரவிட்டால் நொறுங்கிப் பொடியாகும். என்ஜினுக்கு வேண்டியது கட்டிக் கரி. பொடியைப் போட்டால், புகைபோக்கி இழுக்கும் வேகத்தில் பாதி எரியாமலேயே பறந்துவிடும். ஆகவே சுரங்கத்தின் வாயிலிலேயே மின்நிலையம் வைத்து எரிப்பதற்குத்தான் அது உகந்தது, அப்படித்தான் செய்தார்கள்.

கரியின் தரம்தான் இந்தக் கதையின் உள்ளே இருக்கும் முக்கியச் செய்தி என்று நினைக்கிறேன். நம் கரியில் சாம்பல் அதிகம் என்பதை அறிந்தே டபிள்யூ.பி. வகையை வடிவமைத்தார்கள். 1947இல் அமெரிக்காவின் பால்ட்வின் நிறுவனம் முதல் 16 என்ஜின்களை அனுப்பியது. அகன்ற உலையை ஓட்டுச் சக்கரங்களுக்குப் பின்னால் வைத்து, அதைத் தாங்க ஒரு தனி அச்சைப் போட்டதற்குக் காரணமே, மட்டமான கரியைப் பரந்த தட்டில் மெதுவாக எரிக்க வேண்டும் என்பதுதான். அதே கொதிகலனை சரக்குக்கான டபிள்யூ.ஜி.யிலும் வைத்தார்கள்; உதிரிபாகங்கள் பொதுவாயின. டபிள்யூ.பி. வகையில் 755, டபிள்யூ.ஜி. வகையில் 2,450 என்று பெருந்தொகையாகக் கட்ட முடிந்ததற்கு இந்த எளிமையே காரணம். நம் நாட்டுக்கென்று யோசித்துச் செய்த வடிவமைப்பு அது.

ஆனால் 1970களில் சுரங்கங்கள் தேசியமயமான பிறகு உற்பத்தி பெருகியதே தவிர, என்ஜினுக்கு ஏற்ற கரி பெருகவில்லை. நல்ல கரியை எஃகு ஆலைகள் கேட்டன. திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து கல்லும் மண்ணும் கலந்த கரி வந்தது. மின்நிலையங்கள் அதை மாவாக அரைத்து எரித்துவிடும். என்ஜின் உலைக்கு அந்த வசதி இல்லை. சாம்பல் உருகிக் கட்டியாகித் தட்டை அடைத்துக்கொண்டால் காற்று ஏறாது, நீராவி ஏறாது, வண்டி ஏறாது. டிரைவரின் திறமையின்மை என்று அன்று எழுதப்பட்ட தாமதங்களில் பலவும் கரியால் வந்தவை என்றே நான் நம்புகிறேன். எரித்த கரியின் ஆற்றலில் நூற்றில் ஏழெட்டுப் பங்குகூட இழுவிசையாக மாறாத ஓர் என்ஜினுக்கு, கரியின் தரம் சற்றே தாழ்ந்தாலும் தாங்காது. அந்தக் கரியைச் சுரங்கத்திலிருந்து ஷெட்டுகளுக்குக் கொண்டுசேர்க்கவே ரயில்வே தன் சொந்த வேகன்களைப் பெருமளவில் ஒதுக்க வேண்டியிருந்தது.

விழுப்புரம் நண்பருக்கு: பாதையில் பிடித்துக்கொண்ட நேரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று நீங்கள் சொன்னது மிகவும் சரி. ஆனால் 1960களில் ஒரு டீசல் என்ஜினின் விலை ஒரு நீராவி என்ஜினின் விலையைப் போலப் பல மடங்கு. அதில் கணிசமான பகுதி அந்நியச் செலாவணி. அந்தச் செலாவணியில்தான் கோதுமையும் வாங்கினோம். பிறகு 1973இல் கச்சா எண்ணெய் விலை நான்கு மடங்கானது. உள்நாட்டுக் கரியில் ஓடும் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட என்ஜின்களைக் கையில் வைத்திருந்த நாடு, அந்த ஆண்டில் அவற்றை அவசரமாக உடைக்கத் தொடங்கியிருந்தால் அது அறிவுடைமை ஆகியிருக்குமா?

விழுப்புரம் சந்திப்பு எழுதியது:

எண்ணெய் விலையைப் பற்றிய வாதம் டீசலுக்கு எதிராகத்தான் நிற்கும். மின்மயமாக்கலுக்கு எதிராக நிற்காது. மட்டமான கரியை மின்நிலையத்தில் எரித்துக் கம்பியில் அனுப்பலாம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். எங்கள் பகுதியில் சென்னை கடற்கரை – தாம்பரம் மீட்டர் பாதை 1931இலேயே மின்மயமானது; 1960களில் அது விழுப்புரம் வரை நீண்டது. விழுப்புரத்தில் மின்சார என்ஜினைக் கழற்றிவிட்டு நீராவி என்ஜினை மாட்டித் தெற்கே அனுப்பினார்கள். ஒரே மேடையில் இரண்டு காலங்களும் நின்றன. முடியாதது என்று சொல்ல எதுவும் இல்லை. முதலீடு இல்லை, முடிவும் இல்லை. 1980–81இல் மின்சார என்ஜின்கள் 1,036 மட்டுமே இருந்தன என்பதுதான் எனக்கு வருத்தம் தரும் எண். நீராவி 7,469 இருந்தது அதன் விளைவு.

பொன்மலை ஓய்வாளர் எழுதியது:

தம்பி விழுப்புரம் எழுதியதை ஒப்புக்கொள்கிறேன். கரிப்புகை எழுதாமல் விட்ட ஒன்றைப் பணிமனைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நான் பாய்லர் பிரிவில் வேலை பார்த்தவன்.

நீராவி என்ஜின் மன்னிக்கும் குணம் உடையது. ஒரு பாகம் தேய்ந்தால் ஷெட்டிலேயே வார்த்து, கடைந்து, பொருத்திவிடலாம். அதனாலேயே பராமரிப்பைக் குறைத்தாலும் அது உடனே நின்றுவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டே ஓடும். 1980களில் அதுதான் நடந்தது. எப்படியும் ஒழியப் போகிறது என்று தெரிந்த பிறகு புது உலைத்தகடுக்கும் குழாய்க்கும் யார் பணம் ஒதுக்குவார்கள்? கொதிகலனைக் குறித்த நாளில் ஆறவைத்து, கழுவி, உப்புப் படிவை நீக்க வேண்டும். நம் தெற்கத்திக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. கழுவுவதைத் தள்ளிப்போட்டால் குழாயின் மேல் படிவு ஏறி, அனல் தண்ணீருக்குப் போகாமல் உலோகத்தைத் தின்னும். தண்ணீரில் மருந்து கலந்து படிவைக் குறைக்கும் முறை இருந்தது. ஆனால் அதையும் நாள் தவறாமல் செய்ய வேண்டும். கடைசிப் பத்தாண்டில் பார்த்த அழுக்கான, நீராவி கசிகிற என்ஜினை வைத்து நீராவியையே எடைபோடுகிறவர்கள், 1960களில் அதே டபிள்யூ.பி. பித்தளை மின்ன, முகப்பில் நட்சத்திரத்தோடு விரைவு வண்டியை இழுத்ததைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு டிரைவருக்கும் அவருக்கென்று என்ஜின் இருந்த காலத்தில், கைக்காசு போட்டு மெருகெண்ணெய் வாங்கியவர்கள் உண்டு. என்ஜினைப் பொதுவாக்கி யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று ஆனபோதே பாதிப் பராமரிப்பு போய்விட்டது.

தாமிரபரணிக்காரன் எழுதியது:

ஐயா, அப்படியானால் சீனாவில் மட்டும் எப்படி நம்மைவிட நீண்ட காலம் ஓடியது?

கரிப்புகை எழுதியது:

சுருக்கமாகச் சொல்கிறேன். சீனாவில் டாடோங் தொழிற்சாலை 1988 வரை பெரிய சரக்கு என்ஜின்களைக் கட்டியது; உள் மங்கோலியாவின் ஜிதோங் பாதையில் 2005 டிசம்பர் வரை அவை முதன்மைத் தடத்தில் ஓடின. கரி வயல்கள் பாதையின் ஓரத்திலேயே இருந்தன. கரியூட்டும் இயந்திரமும் அந்த என்ஜின்களில் இருந்தது. நம் தெற்குப் பகுதிக்கு அந்த இரண்டுமே இல்லை.

குன்னூர்வாசி எழுதியது:

நம் மாநிலத்தில் நீராவி இன்னும் வேலை செய்கிற இடத்தைப் பற்றி யாரும் எழுதாததால் சேர்க்கிறேன். மேட்டுப்பாளையம் – உதகை மலைப்பாதையில் கல்லாறு முதல் குன்னூர் வரை 12.5 அடிக்கு ஓர் அடி ஏற்றம். அங்கே எக்ஸ் வகை என்ஜின்கள் வண்டியைக் கீழிருந்து தள்ளிக்கொண்டு ஏறுகின்றன. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் கட்டப்பட்ட இந்த வகையில் உயர் அழுத்த உருளைகள் சாதாரணச் சக்கரங்களையும், அங்கிருந்து வெளியேறும் நீராவியை வாங்கும் தாழ் அழுத்த உருளைகள் பற்சக்கரங்களையும் ஓட்டுகின்றன. ஒரே நீராவி இரண்டு முறை வேலை செய்கிறது. குன்னூருக்கு மேலே பல் தண்டவாளம் இல்லாததால் டீசல் என்ஜின் போதுமானதாக இருக்கிறது. கீழே பல் தண்டவாளத்துக்கு ஏற்ற டீசல் நம்மிடம் இல்லை. 2005இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைப்பதற்கு முன்பே, வேறு வழியில்லாததால்தான் அந்த நீராவி என்ஜின்கள் பிழைத்தன. பிற்காலத்தில் சிலவற்றைக் கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றினார்கள். பொன்மலைப் பணிமனையில் இந்த வகையில் புதிய என்ஜின்களையும் கட்டினார்கள்.

ஃபயர்மேன் மகள் எழுதியது:

எண்ணெய் எரியும் என்ஜினில் ஷவல் பிடிக்க வேண்டியதில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. பழைமை கெட்டுவிட்டது என்று அதைக் குறைகூறும் பயணிகளின் கருத்துகளைப் படித்திருக்கிறேன். காட்டுத்தீ அச்சம் உள்ள சரிவில் கரித்துகள் பறக்காமல் இருப்பதும், கரி அள்ளுபவரின் முதுகும், பழைமையைவிட முக்கியமானவை.

பொன்மலை ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். ஹரியானாவின் ரேவாரி ஷெட்டில் ‘அக்பர்’ போன்ற டபிள்யூ.பி. என்ஜின்களைப் பாதுகாத்து ஓட்டுகிறார்கள். பெரம்பூர்ப் பணிமனை 2010இல் 1855ஆம் ஆண்டு என்ஜின் ஒன்றை மீண்டும் ஓடவைத்தது. கரி போடுகிற கைப்பழக்கத்தை என் தந்தை போன்றவர்களிடம் கேட்டு எழுதிவைக்கலாம். கொதிகலன் வேலையை எழுதிவைத்தால் போதுமா?

பொன்மலை ஓய்வாளர் எழுதியது:

போதாது, அம்மா. படம் வரைந்து அளவு குறிக்கலாம். அதற்குமேல் கை வேண்டும். உலையின் உள்தகட்டையும் வெளித்தகட்டையும் இணைத்து நிற்கும் நூற்றுக்கணக்கான ஸ்டே போல்ட்டுகளில் எது உடைந்தது என்பதைச் சுத்தியலால் தட்டி, ஒலியைக் கேட்டுத்தான் சொல்வோம். நல்லதற்கு ஓர் ஓசை, விரிசலுக்கு வேறோர் ஓசை. குழாயின் முனையைத் தகட்டில் விரித்துப் பொருத்தும்போது எவ்வளவு விரித்தால் கசியாது, எவ்வளவுக்கு மேல் தகடு பிளக்கும் என்பது மணிக்கட்டுக்குத்தான் தெரியும். எக்ஸ் வகைக்காக இந்த வேலையை இன்றும் செய்கிறவர்கள் பொன்மலையில் இருக்கிறார்கள். ஓய்வு பெறும் ஒவ்வொரு பாய்லர் மேக்கருக்கும் பக்கத்தில், அவர் போவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பிருந்தே ஓர் இளைஞரை நிறுத்த வேண்டும். அதற்கான பணியிடத்தை ஒதுக்கும்படி தொழிற்சங்கங்களும் பாதுகாப்பு ஆர்வலர்களும் சேர்ந்து கேட்க வேண்டும். உங்கள் தந்தை நலமாக இருந்தால், எந்தத் தடத்தில் எந்த இடத்தில் எத்தனை ஷவல் போட்டார் என்பதை இப்போதே கேட்டுக் குறித்துவையுங்கள். ஒவ்வோர் ஏற்றத்துக்கும் ஒவ்வொரு ஃபயர்மேனிடம் அப்படி ஒரு கணக்கு உண்டு. எந்த விதிப்புத்தகத்திலும் அதை அச்சிடவில்லை.